இரவில் நான்கு முறை எழுந்திருப்பது வயதாலா, சர்க்கரையாலா?

வைகைக்கரை:
என் தந்தைக்கு வயது 61. மூன்று மாதங்களாக இரவில் நான்கு முறையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாக்கு வறள்கிறது என்று ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மீண்டும் படுக்கிறார். உள்ளங்கால் எரிகிறது என்று போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொள்கிறார். ‘வயதானால் இப்படித்தான்’ என்பது அவருடைய வாதம். பக்கத்து வீட்டுப் பெரியவரோ புராஸ்டேட் வீக்கம் என்கிறார். இவை சர்க்கரை நோயின் அறிகுறிகளா? பரிசோதனைக்கு வர மறுப்பவரை என்ன செய்வது?

கண்மாய்:
எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதோடு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள். புராஸ்டேட் வீக்கத்தில் பெரும்பாலும் சிறுநீர் தயங்கித் தயங்கிச் சிறிதளவே போகும். சர்க்கரை மிகுந்திருந்தால் தாராளமாகப் போகும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டுக்கொள்ள முடிவதில்லை. வெளியேறும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அவ்வளவு தாகம் எடுக்கிறது. ஆகவே தண்ணீர் குடிப்பதால்தான் எழுந்திருக்கிறார் என்று எண்ணி, அவர் குடிக்கும் செம்பைப் பிடுங்கிவிடாதீர்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை முன்னோர் அடையாளமாகக் கொண்டதும் இதனால்தான். ஆனால் எறும்பு வரவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. இரத்த அழுத்தத்திற்கு மாலையில் நீர் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நெல்வயல்:
கால் எரிச்சலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் உண்டாக்கும் நரம்புப் பாதிப்பினால் வரும் எரிச்சலும் ஊசி குத்தும் உணர்வும் இரவில்தான் மிகும். வைட்டமின் பி12 குறைவாலும் இது வரலாம் என்பதால், அறிகுறியை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய இயலாது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பன நோயைக் குறிக்கும் அளவுகள். ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துப் பார்ப்பதே முறை. வர மறுத்தால், யாரிடமாவது குளுக்கோமீட்டர் வாங்கி ஒரு நாள் காலையில் விரலில் குத்திப் பாருங்கள். எண்ணைக் கண்ட பிறகு வாதம் தானாகக் குறையும்.

மலையடிவாரம்:
சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களின் வீட்டார் கவனிக்க வேண்டியது வேறு. என் தாயார் சர்க்கரையைக் குறைக்கும் கிளைமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு, பசியில்லை என்று இரவு உணவைத் தவிர்த்த நாளில், விடியற்காலையில் தலையணை நனைய வியர்த்து, பிதற்றிக்கொண்டு எழுந்தார். அளந்தபோது 54 இருந்தது. 70-க்குக் கீழே போனால் அது சர்க்கரைத் தாழ்நிலை. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. குளுக்கோமீட்டரில் காலையில் 214 காட்டியது. இயந்திரம் பழுது என்றார். அதே இயந்திரத்தில் எனக்கு 92 வந்ததும் ஒன்றும் பேசவில்லை. நாளை ஆய்வகத்திற்கு வரச் சம்மதித்திருக்கிறார்.