வெண்ணெய்: நுரைக்கிறது, திரள மாட்டேங்கிறது (டிசம்பர், கோத்தகிரி)

கோத்தகிரி_வாசல்:
6 முதல் 9 வயது வரை ஐந்து பசங்க. அரையாண்டு லீவில் வெண்ணெய் எடுத்துக் காட்டலாம் என்று திட்டம். மத்து ஒன்றுதான் இருக்கிறது, எல்லார் கைக்கும் வேலை வேண்டும் என்பதால் மூடி போட்ட பாட்டிலில் குலுக்கலாம் என்று நினைத்தேன். வெள்ளோட்டம் சொதப்பல். பத்து நாள் சேர்த்த பாலேட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முக்கால் பாட்டில் ஊற்றி 40 நிமிஷம் குலுக்கியும் கெட்டி நுரைதான். வீடியோவில் சொன்ன மாதிரி ஐஸ் தண்ணீர் விட்டேன், இன்னும் மோசம். ராத்திரி இங்கே 8 டிகிரி. எங்கே தப்பு?

மத்தும்_கயிறும்:
ஐஸ் சமவெளிக்காரர் வைத்தியம். மதுரையில் ஏடு 30 டிகிரியில் இளகிக் கிடக்கும், அதை இறுக்க ஐஸ் வேண்டும். உங்கள் ஏடு ஏற்கெனவே விறைத்துப் போயிருக்கிறது. கொழுப்புத் துளிகள் மோதி ஒட்ட வேண்டுமானால் பாதி இறுகி, பாதி இளகி இருக்க வேண்டும். 13 முதல் 15 டிகிரி சரியான பதம். ஏடு பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, நடுநடுவே கலக்கி, நான்கைந்து நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாட்டிலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருக்கலாம், சுருக்கென்று இருக்கக் கூடாது. அதற்காக 20-ஐத் தாண்ட விட்டால் வெண்ணெய் பிசுபிசுத்து, பாதி மோரோடு போய்விடும்.

அடுத்தது அளவு. அரை லிட்டர் பாட்டிலுக்கு 150 மில்லி, மிஞ்சினால் 175. மேலே காலியிடம் இல்லாவிட்டால் ஏடு மோதாது, சும்மா அசையும்.

பசங்களைக் காதால் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் சளசள. பிறகு சத்தமே அடங்கி, பாட்டில் முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாமல் குலுக்கினால் சில நிமிஷத்தில் திடீரென்று 'தொப், தொப்' என்று கேட்கும். அதுவரை வெள்ளையாக அப்பியிருந்த பாட்டில் சுவர் துடைத்துவிட்ட மாதிரி தெளியும். உள்ளே மோர் தனி, உருண்டை தனி.

எருமைத்தயிர்:
பத்து நாள் ஏடு கசக்கும், ஐந்தாறு நாள் போதும். முதல் நாள் ஏட்டிலேயே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து வையுங்கள், மேலே மேலே சேர்க்கலாம். கடைவதற்கு முந்தின ராத்திரி வெளியே எடுத்து, குளிர் விட்டதும் ஹாட்பாக்ஸில் வைத்துக் கம்பளி சுற்றுங்கள். இந்தக் குளிரில் மேடைமேல் வைத்தால் விடிந்தும் புளிக்காது. புளித்த ஏடு சீக்கிரம் திரளும், மணமும் தனி. சின்னப் பிள்ளைகள் நக்கப் போகிறார்கள், அதனால் காய்ச்சின பாலின் ஏடு மட்டும்.

கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டரில் சுமார் 60 கிராம் கொழுப்பு. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, ஆகவே அதிகபட்சம் 75 கிராம். ஏடு மட்டும் வழித்தெடுத்தால் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். ஹோமோஜினைஸ் செய்த (கொழுப்பைப் பொடித்துப் பாலோடு கலந்துவிட்ட) பாக்கெட் பாலில் ஏடே சரியாகப் படியாது, வாங்கும்போது உறையைப் படியுங்கள். தோடர் எருமைப் பாலில் கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி வரும், கிடைத்தால் யோகம். பசும்பால் வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பசங்களே ஏன் என்று கேட்பார்கள். புல்லில் இருக்கும் மஞ்சள் நிறமி பசும்பால் கொழுப்பில் அப்படியே வரும், எருமை அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும்.

கோத்தகிரி_வாசல்:
ஏட்டுக்குப் பதில் கடையில் விற்கிற டப்பா கிரீம் ஆகுமா?

மத்தும்_கயிறும்:
பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு, கூடவே ஸ்டெபிலைசர். அந்தச் சரக்கின் வேலையே கொழுப்பைப் பிரிய விடாமல் பிடிப்பது. ஐந்து பசங்களை உட்கார வைத்துவிட்டு அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

குன்னூர்_அடுப்படி:
கண்ணாடி வேண்டாம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை நேரில் காட்ட அவசியமில்லை. ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பாட்டில், சுற்றி ஒரு துண்டு. உள்ளங்கைச் சூடும் ஏறாது. ஆளுக்கு 50 குலுக்கு, பிறகு கை மாற்று.

திரண்டதும் மோரை வடித்து, ஆறிய குடிதண்ணீர் விட்டு லேசாக அலசுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று தடவையாவது. மோர் தங்கினால் இரண்டே நாளில் வாடை. பிசையும்போது கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. உப்பு 100 கிராமுக்குக் கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஊட்டி வர்க்கியில் தடவப் போகிறீர்கள் என்றால் உப்பில்லாமல்.

கோத்தகிரி_வாசல்:
14 டிகிரி, 160 மில்லி, 17 நிமிஷம். திரண்டுவிட்டது! ஆனால் மோர் பால் மாதிரி கெட்டியாக இருக்கிறதே?

மத்தும்_கயிறும்:
கொழுப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. உருண்டையை எடுக்காமல் இரண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் விட்டு இன்னும் ஒரு நிமிஷம் குலுக்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், மோர்க்குழம்பு நன்றாக இருக்கும்.