8 டிபி வட்டு நான்கு: டேட்டாபேஸுக்கு ரெய்டு 5-ஆ, 6-ஆ, 10-ஆ?

உபி_கணக்கு:
வணக்கம். சிங்கப்பூரின் உபியில் 12 பேர் வேலை செய்யும் அலுவலகம். லினக்ஸ் சர்வரில் 8 டிபி, 7200 ஆர்பிஎம் வட்டு நான்கு. கணக்கும் சரக்கிருப்பும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். சிசிடிவி பதிவும் அதே இடத்தில்தான் விழும். ரெய்டில், அதாவது ஒரு வட்டு கெட்டாலும் தரவு தப்பும்படி வட்டுகளைச் சேர்க்கும் முறையில், 5 போட்டால் 24 டிபி, 10 போட்டால் 16. அந்த 8 டிபியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வேகம் கூடுமா? ரெய்டு 6 நடுவில் வருமா?

வட்டுச்சுழல்:
6 நடுவில் வராது. நான்கு வட்டில் அதுவும் 16 டிபிதான், எழுதுவதில் மூன்றிலும் மெதுவானது.

7200 ஆர்பிஎம் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.2, ஹெட் நகர ஏறக்குறைய 8. ஆக, வினாடிக்கு ஒரு வட்டில் 80 வேலை (ஒரு முறை படிப்பதோ எழுதுவதோ ஒரு வேலை), நான்கிலும் 320. இப்போது போஸ்ட்கிரெஸ் 8 கேபி பக்கம் ஒன்றை மாற்றுகிறது என்று வையுங்கள். ரெய்டு 5 பழைய தரவைப் படிக்கும், பழைய பாரிட்டியை (கெட்ட வட்டின் தரவை மீட்க உதவும் கணக்கு) படிக்கும், பிறகு இரண்டையும் புதிதாக எழுதும். ஒரு எழுத்துக்கு 4 வேலை. வினாடிக்கு 80 எழுத்துதான் மிஞ்சும். ரெய்டு 6-க்கு வழக்கமான கணக்கில் 6 வேலை, அதனால் 53. ரெய்டு 10 இரண்டு பிரதி எழுதி முடித்துவிடும், 160. டேட்டாபேஸுக்கு 10-ஐத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம்.

தேக்கா_நெட்:
சிசிடிவி கதை வேறு. தொடர்ச்சியாக எழுதும்போது முழு ஸ்ட்ரைப்பும், அதாவது எல்லா வட்டிலும் சேர்ந்த ஒரு வரிசையும், நிரம்பிவிடும் (ஒரு வட்டின் பங்கான சங்க் 512 கேபி என்றால் ரெய்டு 5-இல் மூன்று பங்கு, 1536 கேபி). பழையதைப் படிக்காமலே பாரிட்டி போடலாம். போதாததற்கு 1 கிகாபிட் கேபிளில் வினாடிக்கு 110 எம்பி சொச்சம்தான் வரும். எந்த ரெய்டும் அதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் பல கேமரா ஒரே நேரத்தில் எழுதினால் ஹெட் அங்குமிங்கும் ஓடும், அடி விழுவது டேட்டாபேஸுக்கு. முடிந்தால் டேட்டாபேஸை மட்டும் இரண்டு எஸ்எஸ்டியில் ரெய்டு 1-க்கு மாற்றிவிடுங்கள். மின்வெட்டுப் பாதுகாப்பு உள்ள எஸ்எஸ்டியாகப் பாருங்கள். அது இல்லாத சாதாரண ரகம் ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவை உறுதிசெய்து எழுதுவது) திணறும்.

ஈசூன்77:
ரீபில்டையும் (கெட்ட வட்டுக்குப் பதில் போட்ட புதியதை நிரப்புவது) கணக்கில் சேருங்கள். 200 எம்பி வேகம் குறையாமல் ஓடினாலே 8 டிபிக்கு 11 மணி நேரம். அலுவலக நேரத்தில் இன்னும் இழுக்கும். ரெய்டு 5-இல் மீதி மூன்றையும், அதாவது 24 டிபியையும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். ரெய்டு 10-இல் ஜோடி வட்டு ஒன்று போதும். சிம் லிம் கடைத்தொகுதியில் வாங்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வட்டைத் தவிர்த்துவிடுங்கள், ரீபில்டில் அது படுத்துவிடும்.

உபி_கணக்கு:
நன்றி. மாற்றுவதற்கு முன் நானே அளந்து பார்க்க வழி?

வட்டுச்சுழல்:
ஃபியோ என்ற சோதனை நிரல் போதும். 8 கேபி ரேண்டம் ரைட், டைரக்ட் முறை (நினைவகக் கேஷைத் தாண்டி எழுதுவது), 10 நிமிடம். சோதனைக் கோப்பு 200 ஜிபிக்குக் குறையக் கூடாது. 4 ஜிபி என்றால் வட்டின் ஒரு ஓரத்திலேயே அடங்கிவிடும், ஹெட் நகராது, எண் பொய்யாக ஏறும். முதல் சிங்க் (வட்டுகளை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது) முடிந்த பிறகே ஓட்டுங்கள். சராசரியை விட 99-ஆம் சதமான தாமதத்தை (100-இல் 99 எழுத்து அதற்குள் முடியும் நேரம்) பாருங்கள், பில் போடுபவர் காத்திருப்பது அதில்தான் தெரியும்.