பி.பி.ஸ்ரீனிவாஸ் டிவியில் பாடிய பழைய பதிவுகள்: பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

கீழக்கரை_ரசிகன்:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். பி.பி.ஸ்ரீனிவாஸ் டிவியில் பாடிய நிகழ்ச்சிகளைப் பதிந்த விஎச்எஸ் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் இ-180, அதாவது மூன்று மணி நேரக் கேசட். பெரும்பாலும் தூர்தர்ஷன், பிறகு வந்த தனியார் சேனல்களும் உண்டு. நடுநடுவே இலங்கையின் ரூபவாஹினியில் பிடித்த பாட்டு நிகழ்ச்சிகளும் கலந்திருக்கின்றன. தலையில் தொப்பியும் சட்டைப்பையில் வரிசையாகப் பேனாக்களுமாக நின்று, குரலை உயர்த்தாமலே ஒரு கூடத்தையே கட்டிப்போடுகிற மனிதர் அவர். 2013 ஏப்ரல் 14-இல் மறைந்துவிட்டார். இனி அவரைப் புதிதாக யாரும் படம்பிடிக்க முடியாது என்பதால் இதில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பெட்டி இருந்தது கடலோரத்து வீட்டில். பாதிக் கேசட்டுகளில் ஜன்னல் வழியே பார்த்தால் டேப் சுருளின்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. நன்றாக இருப்பவற்றில் சில கருப்பு வெள்ளையாகவே ஓடுகின்றன. சத்தமும் மங்கல், அவர் கீழே இறங்கிப் பாடும் இடமெல்லாம் இரைச்சல் மூடிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? கடையில் கொடுத்தால் போதுமா, வீட்டிலேயே செய்யலாமா?

பாம்பன்_டெக்:

காக்கா (அண்ணே), வெள்ளை தெரிகிற கேசட் எதையும் டெக்கில் (விசிஆரில்) போட்டுவிடாதீர்கள். அது பூஞ்சை. ஓடவிட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொள்ளும். ஹெட் பொருத்திய உருளையான டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. ஒட்டிக்கொண்ட டேப்பை அந்த வேகத்தில் இழுத்தால் கிழியும். அதைவிட மோசம், அதே டெக்கில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை போய்விடும். வெள்ளை பிடித்ததைத் தனித்தனியாக ஜிப் கவரில் போட்டு, நல்லதிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஈரமான பூஞ்சையைத் துடைத்தால் பசைபோல் இழுபடும், காய்ந்தால்தான் பொடியாக உதிரும். அதனால் முதலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, சுருள் கோணிக்கொள்ளும். இறுக்கமாக மூடுகிற 5 லிட்டர் டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, மூன்று கேசட்டுகளை நிறுத்தி வைத்து, உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஒரு வாரம் அப்படியே நிற்க வேண்டும். நம் கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும், ஆகவே ஜெல் சீக்கிரம் நிறம் மாறிவிடும். மாறியதை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வறுத்தால் மறுபடி பயன்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பிறகு கேசட்டைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஐந்து ஸ்டார் ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். மேல்மூடியைத் தூக்கும் முன் முன்பக்கக் கதவைத் திறந்து பிடியுங்கள். மூடி வந்ததும், எதையும் அசைக்காமல் ஒரு போட்டோ. பிரேக் ஸ்பிரிங் எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தது என்பது அப்புறம் நினைவிருக்காது. என்95 மாஸ்க் கட்டாயம், வேலை வீட்டுக்கு வெளியே, காற்று முதுகுப்பக்கமிருந்து வர வேண்டும். சுருளின் மேலும் கீழும் நூல் உதிராத துணியால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஆகாது, அதில் தண்ணீர் கலந்திருக்கும். சுருளைப் பழைய கூட்டில் திரும்பப் போடாதீர்கள். ஸ்க்ரூ வைத்த காலி கேசட் ஒன்றை வாங்கி அதன் கூட்டுக்கு மாற்றுவதே நல்லது, பழைய கூட்டின் மூலைகளில் பூஞ்சை விதை எப்படியும் மிஞ்சும்.

அடுத்து, உதவாக்கரை டெக் ஒன்றில் முழுக்க ஒருமுறை முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். படம் எடுக்கிற நல்ல டெக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஹெட்டைத் துடைக்க வேண்டும்: ஷாமி தோலில் (துடைக்கப் பயன்படும் மெல்லிய தோல்) ஆல்கஹால் தொட்டு டிரம்மில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தோலை மேலும் கீழும் இழுத்தால் ஹெட் சில்லு உடைந்துபோகும், அதோடு டெக் முடிந்தது.

டேப் அறுந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. பசை கசிந்து ஹெட்டில் பிடிக்கும். ஒட்டுவதற்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப் மட்டும்தான், அதுவும் காந்தப்பூச்சு இல்லாத பக்கத்தில். அந்த ஒட்டு ஹெட்டைத் தாண்டவும் விடாதீர்கள். அதற்கு முன்பே நிறுத்தி, தாண்டிப் போய் மறுபடி தொடங்குங்கள்.

கடையில் கொடுப்பதானால், "டேப்பைத் திறந்து சுத்தம் செய்வீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் நல்ல கேசட்டை மட்டும் கொடுங்கள்.

தொண்டி_வீடியோ:

பாம்பன் அண்ணன் சொன்னதற்கு மேல் சுத்தம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பதிவுக்கு வருகிறேன்.

கருப்பு வெள்ளை விஷயம். முதலில் டெக்கிலும் டிவியிலும் சிஸ்டம், அதாவது கலர் முறை, 'பிஏஎல்' என்று இருக்கிறதா பாருங்கள். தூர்தர்ஷன், ரூபவாஹினி இரண்டும் பிஏஎல்தான். படம் பொரி பறக்கிற இடங்களில் மட்டும் கலர் போய்ப்போய் வருகிறதென்றால் கோளாறு அன்றைய சிக்னலில். சிக்னல் மெலிந்தால் டெக்கில் இருக்கும் கலர் கில்லர் சர்க்யூட் நிறத்தையே அணைத்துவிடும். டேப்பில் கலர் ஏறவே இல்லை, இன்று எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் வரும்முன் கொடைக்கானல் சிக்னலை நம்பிய வீடுகளில் இது சகஜம். ரூபவாஹினியோ கடல் தாண்டி வர வேண்டும். கடலின்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்குமேல் நிலத்துச் சூடான காற்றும் அடுக்கி நிற்கிற நாட்களில் அலை வளைந்து வெகுதூரம் போகும். அன்று படம் பளிச்சென்று வரும், ஆனால் அதே அலைவரிசையில் வேறொரு நிலையமும் சேர்ந்து வந்து கிடைக்கோடுகளாக ஊரும். அந்தக் கோடுகளை டெக் கோளாறு என்று நினைத்து டிராக்கிங்கைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள்.

மலிவான யு.எஸ்.பி. குச்சியை டெக்கில் நேரடியாகச் செருகிப் பதிவதுதான் பலர் செய்கிற தவறு. விஎச்எஸ் சிக்னலின் நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். குச்சி அதைத் தாங்காமல் ஃபிரேம்களைத் தவறவிடும், ஒலி தவறாது. ஒரு மணி நேரம் போனால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நாடகமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். உதடு அதிகம் அசையாமல் பாடும் பி.பி.எஸ்.ஸின் முகத்தில் அது கண்ணைக் குத்தும். டெக்குக்கும் கணினியில் பதியும் கார்டுக்கும் நடுவே டி.பி.சி. எனப்படும் நேரம் திருத்தும் கருவி வேண்டும். அது விலை அதிகம் என்றால், பழைய டிவிடி ரிக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து, அதன் வழியே சிக்னலைக் கடத்திக் கார்டுக்கு எடுங்கள். பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை.

அமைப்பு: 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஃபிரேமை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரிக்கும் முறை) அப்படியே இருக்கட்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காமல். வெர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவி கோடெக் போட்டால் மணிக்கு 30 முதல் 35 ஜிபி வரும். சுருக்கமே இல்லாமல் எடுத்தால் 75 ஜிபி தொடும், அது தேவையில்லை. நேரடியாக எம்பி4-ஆக எடுக்காதீர்கள், பொரி பறக்கும் பழைய படத்தைச் சுருக்கினால் முகம் கட்டம் கட்டமாகச் சிதையும். மூலக் கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று உப்புக்காற்று படாத வேறு ஊரில் இருக்கட்டும்.

கீழக்கரை_ரசிகன்:

அண்ணே இருவருக்கும் நன்றி. இரைச்சலை நீக்க ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது. இன்னொன்று: டிவியில் பாடும் சுருதி இசைத்தட்டில் இருப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாமா?

ராம்நாடு_இசைத்தட்டு:

தம்பி, வேகத்தில் கை வைக்க வேண்டாம். விஎச்எஸ் டேப்பின் ஓரத்தில் கன்ட்ரோல் டிராக் என்று ஒன்று இருக்கிறது. அந்தத் துடிப்பைப் பிடித்துத்தான் டெக் டேப்பை ஓட்டும், ஆகவே படம் சரியாக நின்றால் ஒலியின் வேகமும் சரி. 'காலங்களில் அவள் வசந்தம்' 1961-இல் 'பாவ மன்னிப்பு' படத்துக்காகப் பாடியது. பி.பி.எஸ். பிறந்தது 1930 செப்டம்பர் 22. அறுபது வயதுக்குமேல் மேடையில் அதையே பாடும்போது அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வது பாடகர் எல்லாரும் செய்வதுதான். அதை ஏற்றித் திருத்தினால் அந்த வயதின் குரல் போய்விடும், பதிவே பொய்யாகிவிடும்.

மங்கலுக்கு முதலில் மென்பொருளைத் தேடாதீர்கள். சாதாரண டெக்கில் பதிந்த ஒலி, டேப் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோட்டில் இருக்கிறது. பதிந்த டெக்கின் ஒலி ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் நிற்க வேண்டும். நூலிழை பிசகினாலும் 'ச', 'ஸ' ஒலிகள் மழுங்கும். ஒலி ஹெட்டின் பக்கத்தில் இருக்கும், அதன் பக்கவாட்டுச் சாய்வை மாற்றும் அசிமத் ஸ்க்ரூவைக் கால் திருகுக்கும் குறைவாகத் திருப்பி, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, இரைச்சலின் 'உஸ்' எங்கே மிகக் கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பழைய இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். பக்கத்திலேயே உயரம், முன்பின் சாய்வுக்கான ஸ்க்ரூக்களும் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

இரைச்சல் நீக்கம் 6 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. டி.எம்.எஸ். குரல் என்றால் 12 வைத்தாலும் ஓரளவு தாங்கும், இரைச்சலுக்கு மேலே எழும்பி நிற்கிற குரல் அது. பி.பி.எஸ். அப்படியல்ல. வரியின் கடைசி எழுத்தை மூச்சோடு கரைத்து விடுவார். அந்த மூச்சும் டேப் இரைச்சலும் மென்பொருளுக்கு ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். நீங்கள் கேட்ட 'தண்ணீருக்குள்' சத்தம் அதனால் வந்ததுதான். அவர் பாடுவது அந்த முடிப்பில்தான் இருக்கிறது. இரைச்சல் மீதி இருக்கட்டும், காது பழகிவிடும்.

கரண்ட் ஹம் இருந்தால் முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான் காரணம். அப்படியும் நின்றால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வடிகட்டுங்கள். ஆனால் 100-இல் மட்டும் மிகக் குறுகலாக, கியூ (வடிகட்டியின் குறுகல் அளவு) 30-க்குக் குறையாமல் வையுங்கள். ஆண்குரலின் கீழ்ஸ்தாயி அங்கேதான் இருக்கிறது.

பெயரிடும்போதும் கவனம் வேண்டும். ஜெமினி கணேசனுக்கு முதலில் ஏ.எம்.ராஜா, பிறகு பி.பி.எஸ். என்பதால் இருவர் பாட்டையும் மாற்றி எழுதுவது இணையம் முழுக்க இருக்கிறது. 'கல்யாணப் பரிசு' (1959) பாட்டுகள் ராஜாவுடையவை, இசையும் அவரே. டிவி நிகழ்ச்சியில் பி.பி.எஸ். வேறு பாடகரின் பாட்டைப் பாடினால், 'மூலம் இன்னார்' என்று தனியே எழுதுங்கள்.

தேதி தெரியாவிட்டால் மூலையில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். சன் டிவி என்றால் 1993 ஏப்ரல் 14-க்குப் பிறகு. 'பொதிகை' என்றிருந்தால் 2000-க்குப் பிறகு. ஆனால் சின்னம் காட்டுவது ஒளிபரப்பின் காலத்தை. மறு ஒளிபரப்பாக இருந்தால் அவர் பாடியது அதற்கு முன்பு. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் பதிவாகியிருக்கும் விளம்பரம், செய்தி எதையும் வெட்டாதீர்கள், சரியான நாளை அதுதான் கொடுக்கும்.

பாம்பன்_டெக்:

யூடியூபில் ஏற்றுவது பற்றி யாராவது கேட்கும் முன் ஒன்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமை, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 25 ஆண்டு. பாட்டு, இசைக்கான உரிமை வேறு, அது இன்னும் நீளம். தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்து வீடியோவை முடக்கலாம், ஆகவே யூடியூபை ஒரே பிரதியாக நம்ப வேண்டாம். ஏற்றும் பிரதியில் மட்டும் படத்தின் அடியில் கலங்கித் தெரியும் எட்டு வரியைக் கருப்பாக மறைத்து, 50 ஃபிரேம் டிஇன்டர்லேஸ் செய்யுங்கள். மூலத்தில் எதையும் தொடாதீர்கள். வெள்ளை பிடிக்காத கேசட்டில் முதலில் எல்லாவற்றையும் பழகிவிட்டு, பூஞ்சை பிடித்ததைக் கடைசியில் திறங்கள் காக்கா.