பழைய பிளேடு சேசிஸ் மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

கேள்வி:
ஐந்தாறு ரேக் சர்வர்களை மாற்ற வேண்டியிருக்கிறது. பிளேடு எனும் மெல்லிய சர்வர்களைச் செருகி ஓட்டும் பெட்டியான ஹெச்பி சி7000 சேசிஸ் ஒன்று ஆறு பிளேடுகளோடு கைமாறி வருகிறது. 10யு உயரத்தில் (யு என்பது ரேக்கில் ஒரு தட்டின் உயரம்) 16 பிளேடு வரை போடலாமாம். மீதியைப் பிறகு வேறு கம்பெனி பிளேடாகப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாமா?

பதில் 1:
முடியாது. பிளேடுகளுக்குப் பொது அளவு என்று ஒன்று உருவாகவே இல்லை. டெல் பிளேடு டெல் சேசிஸில் மட்டும்தான் உட்காரும். அதனால் நீங்கள் வாங்கப்போவது சர்வரை அல்ல, சேசிஸை. 2006-இல் வந்த சி7000, 2017-இன் ஜென்10 (பத்தாம் தலைமுறை) பிளேடு வரை ஏற்றுக்கொண்டது. நல்ல ஆயுள்தான், ஆனால் வரிசை அதோடு நின்றுவிட்டது. ஹெச்பியின் சர்வர் தொழிலை இப்போது நடத்தும் ஹெச்பிஇ அடுத்து சினர்ஜி என்ற வரிசைக்குப் போய்விட்டது, அதன் சேசிஸே வேறு.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பிளேடை உருவிவிட்டு டார்ச் அடித்து உள்ளே மிட்பிளேன் (பிளேடுகளைப் பின்னால் இருக்கும் ஸ்விட்சோடு இணைக்கும் நடுப்பலகை) கனெக்டரைப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த இடம் போச்சு. காலி இடங்களுக்கான மூடிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள், பழைய சரக்கில் முதலில் காணாமல்போவது அவைதான். மூடி இல்லையென்றால் காற்று பிளேடு வழியாகப் போகாமல் ஓட்டை வழியாக ஓடிவிடும், பத்து ஃபேனும் சேர்ந்து அலறும். மானிட்டர் மாட்ட முன்பக்கத்தில் செருகும் கிளைக் கேபிளையும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். சேசிஸ் முழுதாக நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல். எல்லாவற்றையும் கழற்றிய பிறகே ரேக்கில் ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:
அப்படியானால் புதிது எடுப்பதே மேல். யாருடையது?

பதில் 1:
ஆறு சர்வருக்கு யாருடையதும் வேண்டாம் என்பேன். 2001-இல் ஆர்எல்எக்ஸ் என்ற கம்பெனி 3யு-வில் 24 பிளேடுகளை அடுக்கியது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிரான்ஸ்மெட்டா சிப்பு, சூடே இல்லை. இன்றைய பிராசசர்களை வைத்துக்கொண்டு அந்த நெருக்கம் நடக்காது. டெல்லையே பாருங்கள்: 2008-இன் எம்1000இ-யில் 10யு-வுக்கு 16, 2018-இன் எம்எக்ஸ்7000-இல் 7யு-வுக்கு 8. 1யு ரேக் சர்வரைவிட எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு நல்லது, எம்எக்ஸில் மிட்பிளேன் கிடையாது. சர்வரும் பின்னால் இருக்கும் ஸ்விட்சும் நேரடியாகவே இணைகின்றன, அதனால் வேகம் கூடும்போது நடுப்பலகை தடையாக நிற்பதில்லை. சிஸ்கோவின் 2021 எக்ஸ்9508 சேசிஸும் இதே வழிதான்.

ஐபிஎம் பிளேடுசென்டர் கண்ணில் பட்டால் தொடவே தொடாதீர்கள். அந்தத் தொழிலே 2014-இல் லெனோவோவிடம் போய்விட்டது.

பதில் 2:
பிளேடை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். சிஸ்கோவின் சர்வர் வரிசையான யுசிஎஸ்-இல் மேக் முகவரி (நெட்வொர்க்கில் சர்வரின் அடையாள எண்), பூட் வரிசை எல்லாம் சர்வீஸ் புரொஃபைல் என்ற அமைப்புத் தொகுப்பில் இருக்கும். ஒரு பிளேடு செத்தால் புரொஃபைலை இன்னொன்றுக்கு மாற்றினால் போதும், நெட்வொர்க்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை.

பதில் 1:
உண்மைதான், நாற்பது ஐம்பது சர்வர் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். இவருக்கு, பவர் சப்ளையைப் பகிர்ந்துகொள்ளும் 2யு-வில் நான்கு நோட் (தனித்தனி சர்வர்) கொண்ட பெட்டி, சூப்பர்மைக்ரோ ட்வின் மாதிரி, இரண்டு போதும்.