கண்ணை ஈர்த்தது படத்தில் ஏன் வருவதில்லை?

கேள்வி:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவற்றைச் சூழலுக்கேற்ப மாற்றத் தெரியும். படங்கள் தெளிவாகவே வருகின்றன. ஆயினும், நேரில் என்னை நிற்கவைத்த ஏதோ ஒன்று, பிறகு திரையில் பார்க்கும்போது காணாமல் போய்விடுகிறது. நேற்று மழை விட்டதும் ஒரு சைக்கிளை எடுத்தேன். படத்தில் சைக்கிள் இருக்கிறது, அவ்வளவுதான். புது லென்ஸ் வாங்கினால் சரியாகுமா, அல்லது பார்வையைப் பழக்க வழி உண்டா?

பதில்:
லென்ஸ் வாங்க வேண்டாம். உங்களை நிற்கவைத்தது சைக்கிள்தானா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். இருக்கையின் மேல் திரண்டிருந்த நீர்த்துளிகளாக இருக்கலாம். ஈரத்தரையில் தெரிந்த சக்கரத்தின் பிம்பமாகவும் இருக்கலாம். நம் கண் வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். கேமராவோ சட்டத்துக்குள் அகப்பட்ட அனைத்தையும் பதிவுசெய்துவிடும். அந்த ஒதுக்கும் வேலையை, நெருங்கிச் சென்றோ குனிந்து அமர்ந்தோ, நாம்தான் செய்ய வேண்டும். புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் எடுத்த ஒரு படத்தில் முள்கரண்டி ஒன்று தட்டின் விளிம்பில் சாய்ந்திருக்கிறது, அதன் நிழல் விழுகிறது, வேறெதுவும் இல்லை. எனக்கு அந்த நிழல்தான் முள்கரண்டியைவிட முக்கியமாகப் படுகிறது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பிச் சன்னலருகே வைத்து, ஒரு நாள் முழுவதும் கேமராவைத் தொடாமல் அவ்வப்போது பாருங்கள். சாய்வெயிலில் அதன் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சக்கோடு நெளியும். வெயில் மறைந்தால் அதுவும் மறையும். மறுநாள் அந்தக் கோட்டை மட்டும் எடுங்கள்.

மற்றொரு பதில்:
மேலே நண்பர் சொன்னது சரியே. ஆனால் நுட்பத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளைச் சுவர் மங்குவதும் கருப்புத் துணி வெளுப்பதும் அதனால்தான். ஈரத்தரை கருமையானது என்பதால், கேமரா அதை வெளுப்பாக்கி மினுமினுப்பைக் கெடுத்திருக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள், அதாவது கேமரா பெறும் ஒளியைப் பாதியாக்குங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1927இல் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் வைத்து எடுத்தார். தாம் உணர்ந்த கருமை வானத்தில் வராது என்று தோன்றவே, எஞ்சியிருந்த ஒரே படத்தகட்டில், வானத்தை இன்னும் கருமையாக்கும் சிவப்பு ஃபில்டருடன் மீண்டும் எடுத்தார். அவர் மனத்தில் முன்பே கண்ட படம் அது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்றும் மழை பெய்ததால் அதே இடத்திற்குச் சென்று, முழங்காலிட்டு, தேங்கிய நீரில் தெரிந்த சக்கரத்தை மட்டும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். நீர் கருத்து, ஆரக்கம்பிகள் வெள்ளிக்கோடுகளாக வந்திருக்கின்றன. மேல் மூலையில் பெடலின் நுனி நுழைந்துவிட்டது. அதை வெட்டிவிடாமல், நாளை மீண்டும் எடுக்கப் போகிறேன்.