ஃபைனான்ஸ் யார்டு ஏலத்தில் டிராக்டர்: எதைப் பார்ப்பது, எவ்வளவு வரை கேட்பது?

மன்னை_வயல்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு ஃபைனான்ஸ் யார்டில் அடுத்த வாரம் சீஸ் வண்டிகள் (தவணை கட்டாததால் கம்பெனி கைப்பற்றியவை) ஏலம். லிஸ்ட்டில் 2018 மாடல், 45 ஹெச்.பி டிராக்டர் ஒன்று இருக்கிறது. மீட்டர் 2,140 மணி காட்டுகிறது. "சாவி உண்டு, பேட்டரி இல்லை, ஆர்.சி (பதிவுச் சான்று) இல்லை" என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். டெபாசிட் 20,000. ஏலத்துக்கு முந்தைய இரண்டு நாளும் வண்டியைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்களாம்.

மன்னார்குடி பக்கம் குறுவைக்கும் சம்பாவுக்கும் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு, கோடையில் 5 அடி ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை), இவ்வளவுதான் எங்கள் தேவை. கையில் 3 லட்சம் இருக்கிறது. யார்டில் நிற்கும் வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஆர்.சி இல்லாததை எடுக்கலாமா? எந்த விலையோடு நிறுத்திக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேப்பர்_கிளியர்

முதலில் ஆர்.சி விஷயம். "ஆர்.சி இல்லை" என்றால் அதில் இரண்டு நிலை உண்டு, இரண்டுக்கும் விலை வேறு.

ஒன்று, பழைய உரிமையாளர் ஆர்.சியைத் தராமல் வைத்திருக்கிறார், ஃபைனான்ஸ் கம்பெனியும் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. இன்னொன்று, தவணை கட்டாததால் வண்டியைக் கைப்பற்றியதாகக் கம்பெனி ஆர்.டி.ஓ-விடம் படிவம் 36 கொடுத்து, தன் பெயரிலேயே புது ஆர்.சி கேட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 51-ம் பிரிவு இதற்கு வழி தருகிறது. இரண்டாவது நிலையில் இருந்தால் எடுக்கலாம். கம்பெனி பெயருக்கு ஆர்.சி வந்ததும் 29, 30 படிவங்களில் கம்பெனி கையெழுத்துப் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றித் தரும். முதல் நிலை என்றால், கடன் கொடுத்த நாளில் வாங்கி வைத்த பழைய கையெழுத்துப் படிவங்களைத்தான் நீட்டுவார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஓ.டி.பி பழைய ஆளின் போனுக்குப் போகிறது என்று விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வண்டி வயலில் ஓடும், ஆனால் ரோட்டில் ஏற்ற முடியாது, நாளைக்கு விற்கவும் முடியாது.

அதனால் யார்டு ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி "படிவம் 36 போட்டாச்சா, எந்தத் தேதியில்?" என்பதுதான். பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். "வந்துரும் சார்" என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பு கிடையாது.

வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் கடன் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, பிளாக்லிஸ்ட் போட்டிருக்கிறார்களா என்பது தெரியும். ஏலம் விடும் கம்பெனி ஒன்று, ஆர்.சியில் கடன் பதிவாகியிருப்பது வேறொன்று என்றால் ஒதுங்கிவிடுங்கள். யார்டில் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுத்து, செயலியில் தெரியும் எண்களோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் புது பெயின்ட், அரம் போட்ட தடம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

டிரெய்லரும் சேர்த்து ஏலம் என்றால், அதற்குத் தனி ஆர்.சி உண்டு என்பதை மறக்காதீர்கள். பதிவே ஆகாத டிரெய்லர்கள் நிறைய. அவற்றுக்கு இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

---

டீசல்_பட்டறை

பேப்பர் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன்.

மீட்டரை நம்பி விலை போடாதீர்கள். கேபிள் மீட்டர் என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மணி ஏறாது. முதலில், சீஸ் செய்த தேதியைக் கேளுங்கள். 2022-ல் சீஸ் ஆகியிருந்தால் 2,140 மணி என்பது நான்கு வருட ஓட்டம், நம்பலாம். போன மாதம்தான் சீஸ் என்றால், வாடகைக்கு ஓடிய வண்டிக்கு இது ரொம்பக் குறைவு. அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. 2018 வண்டியில் 2018 டயரே இருந்து, டயர் கட்டை (ரப்பர் மேடு) பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் மீட்டர் சொல்வது உண்மையாக இருக்கலாம். டயர் மாறியிருந்து மீட்டர் மட்டும் 2,000 காட்டினால் சந்தேகப்படுங்கள். கிளட்ச், பிரேக் பெடல் தேய்மானம், லோயர் லிங்க் (கலப்பை மாட்டும் கீழ்க் கை) பந்து ஆடுவது, பி.டி.ஓ ஷாஃப்ட்டின் (ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு) பற்கள் முனை மழுங்கியிருப்பது, இவை மூன்றையும் கம்பெனியே நினைத்தாலும் மறைக்க முடியாது.

வண்டி என்ன வேலை பார்த்தது என்பதையும் உடம்பே சொல்லும். செங்கல், மணல் என்று டிரெய்லர் இழுத்த வண்டியில் பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும், கொக்கி ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமாக இழுபட்டிருக்கும். அதில் பிரேக்கும் கிளட்சும் செலவு வைக்கும். முன்னால் டோசர் (மண் தள்ளும் தகடு) மாட்டி ஓட்டியிருந்தால் இரண்டு பக்கமும் போல்ட் தடம், வெல்டிங் தடம் தெரியும். அப்போது முன் ஆக்சில் நடு பின்னையும் கிளட்ச் ஹவுசிங் போல்ட்டுகளையும் உற்றுப் பாருங்கள். அங்கே எண்ணெய் கசிந்து மண் பிடித்திருந்தால் ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

டெல்டா வண்டிகளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்பக்க எண்ணெய். சேற்றுழவில் வண்டி ஆக்சில் வரை முங்கும். சீல் போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். பல மாடல்களில் கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான், அதனால் ஒரு சீலில் நுழைந்த தண்ணீர் ஹைட்ராலிக் பம்ப் வரைக்கும் போகும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருப்பது டிப்ஸ்டிக்கிலேயே (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) தெரிந்துவிடும். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அப்படித் தெரியாது. கலங்காமல் இருக்கும் தண்ணீர் அடியில் தங்கி, மேலே தெளிந்த எண்ணெய் நிற்கும், டிப்ஸ்டிக்கும் சுத்தமாக வரும். பார்க்க வேண்டியது அளவை. மேல்கோட்டைத் தாண்டி எண்ணெய் நின்றால் பெரும்பாலும் அடியில் தண்ணீர்தான். டிப்ஸ்டிக் நுனியில், மூடியின் உள்பக்கத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். அனுமதித்தால் டிரெயின் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, முதலில் வடிவதை ஒரு டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும்.

இன்ஜின்: 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி ஒன்றையும் கனமான ஜம்பர் ஒயரையும் நீங்களே கொண்டுபோங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் யாரோ உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள், ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ, இன்ஜின் ஓடும்போது விடாமல் குமிழியோ வந்தால் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) வேலை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அப்படியே ஓட்டையின் மேல் வையுங்கள். மூடி துள்ளி விழும் அளவுக்குக் காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்தும் நீலப் புகை நிற்கவில்லை என்றாலும் அதே முடிவுதான். ஸ்டார்ட் செய்யவே விடவில்லை என்றால் இன்ஜின் வேலை இருக்கிறது என்றே கணக்கில் போடுங்கள், நல்லபடியாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஓட்ட விடாவிட்டாலும் கிளட்ச் பார்க்கலாம். டாப் கியர் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதைச் செய்யும்போது முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

லிஃப்ட்டை (கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் கை) வெறுமனே தூக்கிப் பார்ப்பதில் பயன் இல்லை. யார்டில் நிற்கும் ஏதாவது கலப்பையையோ ரொட்டவேட்டரையோ மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் உள்ளே சிலிண்டரிலோ கன்ட்ரோல் வால்விலோ கசிவு. இன்ஜின் ஓடும்போது தூக்கிய கை மேலும் கீழும் விக்குகிற மாதிரி ஆடினாலும் அதே கசிவுதான்.

---

ஏலக்_கணக்கு

விலைக்கு வருவோம். உங்களிடம் 3 லட்சம் இருப்பது வேறு, இந்த வண்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது வேறு. உங்கள் ஊரில் இதே மாடல், இதே வருடம், பேப்பர் சுத்தமாக, ஓடும் நிலையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு மூன்று புரோக்கர்களிடம் கேளுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறைக்கான உதாரணம் மட்டுமே, உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊர் விலை 4,20,000 என்று வைப்போம். பின் டயர் ஜோடி 42,000, கிளட்ச் கூலியோடு 22,000, எல்லா எண்ணெயும் ஃபில்டரும் 12,000, பேட்டரி 7,000, காணாமல் போன டாப் லிங்க், பின், செயின் வகையறா 8,000. ரிப்பேர் மட்டும் 91,000. ஏலக் கம்பெனியின் கமிஷன் ஜி.எஸ்.டியோடு 10,000, பெயர் மாற்றம், கடன் நீக்கம், இன்சூரன்ஸ் 12,000, லாரி வாடகை 9,000. இது 31,000. ஆக 1,22,000. இதற்கு மேல், பார்க்க முடியாத கோளாறுக்காக ஊர் விலையில் பத்து சதவீதம், 42,000. கழித்தால் 2,56,000. இந்த வண்டிக்கு இதுதான் உங்கள் உச்சம். பின்பக்கம் தண்ணீர் இருப்பது தெரிந்தாலோ, படிவம் 36 போடவில்லை என்றாலோ பத்து சதவீதம் போதாது. எனக்கு அந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் விலையே கிடையாது.

ஏலத் தொகைக்குள் ஜி.எஸ்.டி அடக்கமா, தனியா என்பதை ஏல விதிகளில் தேடிப் படியுங்கள். தனி என்றால் உச்சத்தை அந்த அளவு இறக்க வேண்டும். பார்க்கிங் கட்டணம் எந்த நாளிலிருந்து ஏறும், பணம் கட்ட எத்தனை நாள், தவறினால் டெபாசிட் முழுவதும் போகுமா என்பதும் அதே தாளில்தான் இருக்கும்.

பெரும்பாலான ஃபைனான்ஸ் ஏலத்தில் நீங்கள் அதிகம் கேட்டதோடு வண்டி உங்களுடையது ஆகிவிடாது. "ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று இருக்கும். கம்பெனி விலை போதாது என்று சொன்னால் ரத்து. பழைய உரிமையாளர் பாக்கியைக் கட்டி மீட்டாலும் ரத்து. அதுவரை டெபாசிட் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒப்புதல் வரும் வரை டயர் வாங்குவது, லாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

நேரில் நடக்கும் ஏலத்தில் வியாபாரிகள் சிண்டிகேட் போட்டு வருவார்கள். தங்களுக்குள் ஒருவரை மட்டும் கேட்கவிட்டு மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். புதிதாக ஒரு விவசாயி கேட்டால் அவரை ஏற்றிவிட்டு நடுவில் கழன்றுகொள்வதும் உண்டு. "விலகிக்கோங்க, ஏதாவது தர்றோம்" என்று காசு நீட்டினால் வாங்காதீர்கள், அது ஏலத்தையே கெடுக்கும் வேலை. அவர்களிடம் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: விற்று லாபம் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் அவர்கள் உச்சம் உங்கள் உச்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். அவர்கள் நின்ற பிறகும் உங்கள் எண்ணுக்குள் இருந்தால் தைரியமாகக் கேளுங்கள். உங்கள் எண்ணையும் தாண்டி அவர்கள் போனால் வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஏதோ அவர்களுக்குத் தெரியும், அல்லது உங்களை ஏற்றுகிறார்கள். இரண்டிலும் நிறுத்துவதுதான் சரி.

காலமும் பாருங்கள். மேட்டூர் அணையின் ஜூன் 12 திறப்பை ஒட்டி டெல்டாவில் சேற்றுழவு வண்டிக்கு எல்லோரும் அலைவார்கள். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் மாதங்களில் அந்தப் போட்டி இருக்காது.

---

மன்னை_வயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. யார்டுக்குப் போன் செய்தேன். சீஸ் ஆகிப் பதினொரு மாதம், படிவம் 36 போட்டாயிற்று என்று வாட்ஸ்அப்பில் தேதியோடு அனுப்பிவிட்டார்கள். டிரெயின் போல்ட்டைத் தொடக் கூடாது என்கிறார்கள். ஏலமும் இந்த முறை ஆன்லைன். பக்கத்தில் காவல்துறை ஆயுதப்படை மைதானத்தில் பறிமுதல் வாகன ஏலமும் வருகிறது, அதிலும் ஒரு டிராக்டர் இருக்கிறதாம். அதைப் பார்க்கலாமா?

---

டீசல்_பட்டறை

போல்ட்டைத் தொடவிடவில்லை என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லிஃப்ட்டைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். அடியில் கிடக்கும் தண்ணீர் எண்ணெயோடு கலங்கும். உடனே அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை எடுங்கள். முதலில் தெளிவாக வந்தது இப்போது வெளுத்து வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. எண்ணெய் மாற்றம் ஒரு தடவையோடு நிற்காது, கழுவி ஊற்ற இரண்டு தடவை வேண்டும். மாடலைப் பொறுத்து ஒரு தடவைக்கு 30 முதல் 60 லிட்டர். சீல் கூலி, பேரிங் எல்லாம் தனி.

பதினொரு மாதம் நின்ற வண்டி என்பதால் டீசல் டேங்கின் அடியையும், ஏர் கிளீனர் குழாயில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள்.

---

பேப்பர்_கிளியர்

ஆயுதப்படை மைதான ஏலம் வேறு வகை. அரசு நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பெயர் மாற்றம் படிவம் 32-ல், எடுத்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏல உத்தரவு, பணம் கட்டிய ரசீது இரண்டும் அசலாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே முதல் கேள்வி, வண்டி மறுபடி ஓட்டுவதற்கு விற்கிறார்களா, உடைக்கும் இரும்பாகவா என்பது. இரும்பாக விற்றதை எந்த ஆர்.டி.ஓ-விலும் பதிய முடியாது. பழைய கடன் இன்னும் ஆர்.சியில் நிற்கிறதா என்று எம்பரிவாகனில் பார்த்துவிட்டே டெபாசிட் கட்டுங்கள்.

---

ஏலக்_கணக்கு

ஆன்லைன் என்றால் கடைசி சில நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். கடைசி நொடியில் போட்டு அள்ளிவிடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. உங்கள் உச்ச எண்ணைத் தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஏற்றம் 5,000 என்றால் உங்கள் எல்லை 2,55,000. மொபைல் டேட்டாவை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டாவது இணைப்பு ஒன்று தயாராக இருக்கட்டும். பூஜ்யம் ஒன்று கூடுதலாக விழுந்தாலும் திரும்பப் பெற முடியாது, அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் தொகையை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.