ஸ்டெம் செல் மாற்றத்துக்குப் பிறகு நிற்காத வறட்டு இருமல்: எக்ஸ்ரே சுத்தம் என்கிறார்கள், அடுத்து என்ன கேட்பது?

பெஸ்தாரி ஜெயா இல்லத்தரசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில். என் கணவருக்கு வயது 46. செம்பனைத் தோட்டத்தில் பழ லாரி ஓட்டியவர். ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து, அவருடைய தம்பி தானமாகக் கொடுத்த ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூல செல்லை, ஏற்றினார்கள். அது நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. நோய் திரும்பவில்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

தீபாவளிக்குச் சற்று முன்பு தொடங்கிய இருமல்தான் இப்போது எங்களை வாட்டுகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. பேசும்போது வருகிறது, சிரித்தால் வருகிறது. முனைக் கடைக்கு நடந்து போனால் பாதி வழியில் நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார். முன்பெல்லாம் கேஸ் தோம்பை ஒரு கையால் தூக்கி வைத்தவர்.

இங்குள்ள கிளினிக்கில் இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். ரத்தநோய் நிபுணரைப் பார்க்கும் தேதி இன்னும் பல வாரம் தள்ளி இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா? போனால் என்னவென்று கேட்க வேண்டும்? இதே வழியாக வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எச்.ஏ., தெலுக் இந்தான்:

தங்கையே, தோட்ட மருத்துவமனைகளில் எச்.ஏ. என்ற மருத்துவமனை உதவியாளராகக் காலம் முழுவதும் வேலை பார்த்தவன் நான். பதில் சொல்லுமுன் சில விவரம் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? பெரிண்டோபிரில், எனலாபிரில் வகையாக இருந்தால் அதுவே வறட்டு இருமலைக் கொண்டுவரும். சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்செரிச்சலோடு இருமல் கூடுகிறதா? மூக்கிலிருந்து தொண்டைக்கு நீர் இறங்குகிறதா? வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? நம் நாட்டில் காசநோயை மறந்துவிட்டு எந்த நீண்ட இருமலையும் பார்க்கக் கூடாது. சளிப் பரிசோதனை செய்தார்களா?

இன்னொன்று. கண், வாய், தோல் எப்படி இருக்கின்றன? இருமலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்காமல் எழுதுங்கள்.

பெஸ்தாரி ஜெயா இல்லத்தரசி:

ஐயா, அழுத்தத்துக்கு அம்லோடிபின் மட்டும்தான். நெஞ்செரிச்சல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. காசநோய் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. சளியே வராததால் பரிசோதனைக்குக் கொடுக்க முடியவில்லை.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்களே. மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று அடிக்கடி கசக்குகிறார். சம்பல், ஊறுகாய் எதையும் வாயில் வைக்க முடிவதில்லை. ரசம்கூட எரிகிறதாம். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக வலை பின்னியதுபோல் கோடுகள் தெரிகின்றன. கீமோவின் மிச்சம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மாற்றுச் சிகிச்சை பெற்றவன், சுங்கை பட்டாணி:

அக்கா, தயவுசெய்து அந்தத் தேதி வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள். "இருமல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் நிற்க வைப்பார்கள். "தானம் பெற்று ஒரு வருடம் ஆகிறது, சைக்ளோஸ்போரின் நிறுத்தியாயிற்று, வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குகிறது, கண்ணும் வாயும் வறண்டுவிட்டன" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கேட்பவருக்கு உடனே புரியும்.

நான் நோயாளி, மருத்துவர் அல்ல. உங்கள் கணவருக்கு இருப்பது இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியது என் கதையாகவே இருக்கிறது. தானமாக வந்த செல்கள் நம் உடம்பை அந்நியமென்று எண்ணித் தாக்குவதை ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் அது தலைகாட்டுவது உண்டு. கண்ணில் வரும், வாயில் வரும், தோலில் வரும். நுரையீரலில் வந்தால் மிக நுண்ணிய மூச்சுக் குழாய்கள் தழும்பேறிக் குறுகிவிடும். மூச்சை உள்ளே இழுக்க முடியும், வெளியே தள்ள முடியாது. இதற்கு பி.ஓ.எஸ். என்று பெயர். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். அந்தக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரியாத அளவு சிறியவை. ஆகவே சுத்தமான எக்ஸ்ரேயைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. முதல் நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறார் என்று அளப்பார்கள். அந்த அளவு, மொத்தமாக ஊதிய காற்றில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் குழாயில் அடைப்பு என்று பொருள். அதைவிட முக்கியம் பழைய அளவோடு ஒப்பிடுவது. மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்திருப்பார்கள், கோப்பில் இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கூடவே சிடி ஸ்கேன். மூச்சை உள்ளிழுத்து ஒன்று, முழுவதும் வெளியே விட்டு ஒன்று. வெளியேற முடியாமல் காற்று சிக்கிக்கொண்ட இடங்கள் இரண்டாவதில்தான் தெரியும்.

ஊதும்போது மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். குழாயைப் பல்லுக்கு வெளியே அல்ல, உள்ளே வைத்து உதட்டை இறுக்க வேண்டும். பரிசோதகர் பக்கத்தில் நின்று "தியூப், தியூப், லாகி, லாகி" (மலாயில் "ஊது, ஊது, இன்னும், இன்னும்") என்று கத்துவார். ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். நடுவில் இருமல் வந்து பாதியில் விட்டால் கணக்கு தவறிவிடும், மறுபடி ஊதச் சொல்லிக் கேளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தழும்பேறிய குழாய் பெரும்பாலும் பழையபடி விரிவதில்லை. சிகிச்சையின் நோக்கம் சரிவை அதே இடத்தில் நிறுத்துவது. அதனால்தான் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்று மன்றாடுகிறேன். என் அளவு சரிந்த இடத்திலேயே நிற்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன், சந்தைக்குப் போகிறேன், தைப்பூசத்துக்குக் கோயில் வாசல் வரை நடந்து போகிறேன்.

ஈஜோக் பெரியம்மா:

மகளே, ஆடாதொடை இலையும் துளசியும் திப்பிலியும் போட்டுக் கஷாயம் வைத்து, தோட்டத்துத் தேன் கலந்து மூன்று வேளை கொடு. என் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் கேட்டது. கடவுள் துணை இருப்பார்.

மருந்தாளர், கிள்ளான்:

பெரியம்மா, சாதாரணச் சளிக்கு நம் வீடுகளில் எல்லோரும் குடித்து வளர்ந்த கஷாயம்தான். இந்த நோயாளிக்கு மட்டும் வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். காய்ந்த மூலிகையிலும் காய்ச்சாத தேனிலும் பூஞ்சை வித்து இருக்கலாம். எதிர்ப்பாற்றல் முழுமையாகத் திரும்பாத நுரையீரலுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை பெரிய ஆபத்து.

தங்கைக்கு ஒரு விஷயம். நுரையீரல் ஜி.வி.எச்.டி. என்று உறுதியானால் மறுபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வரக்கூடும். சைக்ளோஸ்போரின், ரக்சோலிட்டினிப் போன்றவற்றின் அளவைக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிவிடும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் எந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும், மாற்றுச் சிகிச்சைப் பிரிவைக் கேட்ட பிறகே விழுங்க வேண்டும்.

அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.ஓ.எஸ். வந்தவர்களுக்கு அதை உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, ஆஸ்துமா மாத்திரையான மாண்டெலுகாஸ்ட் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுப்பது உண்டு. ஆனால் வராமல் தடுப்பதற்காக நீண்டகாலம் கொடுத்த ஓர் ஆய்வில் ரத்தப் புற்று திரும்புவது அதிகமாயிற்று. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டது. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள். இருமலை அடக்கும் சிரப் இரவில் தூங்க உதவும், காரணத்தைத் தொடாது.

ஓய்வுபெற்ற எச்.ஏ., தெலுக் இந்தான்:

சுங்கை பட்டாணித் தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வாயில் அந்த வெள்ளைக் கோடுகள் என்றதுமே எனக்கும் அந்த எண்ணம்தான் வந்தது. தொற்று இல்லை என்பதையும் அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ், இன்ஃப்ளூயன்சா, சைட்டோமெகாலோ வைரஸ், பூஞ்சை எல்லாம் வரிசையில் இருக்கின்றன. தேவைப்பட்டால் நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்துப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், இருமலில் ரத்தம் வந்தால், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு முட்டினால், நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்று வாங்கி, நடந்து வந்த உடனேயும் அளந்து பாருங்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால் ஆளை நம்புங்கள்.

அப்புறம் நீங்கள் இருக்கும் இடம். பக்கத்து ராஜா மூசா வனப்பகுதியின் கரிமண் (மக்கிய செடிகொடிகள் சேர்ந்த, தீப்பிடிக்கும் மண்) பற்றிக்கொண்டால் பெஸ்தாரி ஜெயா முழுக்கப் புகை நாற்றம் அடிக்கும். 2015, 2019 புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாளில் அவர் வாசலுக்கும் வர வேண்டாம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம்; சாதாரணக் கவசம் அந்தப் புகையைத் தடுக்காது. வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். சாமிக்குப் பூவும் விளக்கும் போதும். கோழிக் கூண்டைக் கழுவுவது, மக்கிய மட்டையைக் கிளறுவது, புல் வெட்டுவது எல்லாம் வேறு யாராவது செய்யட்டும்.

பெஸ்தாரி ஜெயா இல்லத்தரசி:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சுங்கை பட்டாணித் தம்பி சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஃபோன் செய்தேன். அதே வாரத்தில் வரச் சொன்னார்கள். பழைய தாளும் கோப்பிலேயே இருந்தது. அப்போது முதல் நொடியில் 2.9 லிட்டர் ஊதியிருக்கிறார், இப்போது 2.1 லிட்டர். மொத்தக் காற்றில் அது 61 விழுக்காடு. சிடியில் காற்று சிக்கியிருப்பது தெரிகிறது, தொற்று எதுவும் இல்லை. நுரையீரல் ஜி.வி.எச்.டி. என்று சொல்லிவிட்டார்கள். உள்ளிழுக்கும் மருந்து, மாண்டெலுகாஸ்ட், ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி ஊத வேண்டும், அதைப் பார்த்து மற்ற மருந்தை முடிவு செய்வார்களாம்.

பெயர் தெரிந்த அன்று இரவு அவர் சாப்பிடவே இல்லை. தம்பி எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். "மோட்டார் ஓட்டுகிறாரா?" என்று அதை மட்டும் மறுபடி கேட்டார்.

அந்த உள்ளிழுக்கும் மருந்தை எடுத்தவுடனே இருமல் கிளம்பிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது? இரவில் வரும் இருமலுக்கு ஏதாவது வழி உண்டா?

மாற்றுச் சிகிச்சை பெற்றவன், சுங்கை பட்டாணி:

ஓட்டுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள் அக்கா. மேட்டில் நடக்கும்போது மட்டும் நின்று நின்று போகிறேன்.

அழுத்திப் பீய்ச்சும் வகை மருந்து என்றால் ஸ்பேசர் குழாய் கேட்டு வாங்குங்கள், மருந்து தொண்டையில் மோதாமல் உள்ளே போகும். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெண்படலமாகப் பூஞ்சை பிடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் தலையணையை உயர்த்திப் படுக்க வைத்து, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் வையுங்கள். தொண்டை அரிக்கத் தொடங்கும்போதே ஒரு மடக்கு விழுங்கி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை வெளியே விட்டால் பல நேரம் அடங்கிவிடும். அடுத்த முறை போகும்போது நுரையீரல் பயிற்சிக்கு ஃபிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருந்தாளர், கிள்ளான்:

மாண்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவும் மனச்சோர்வும் தரும். அண்ணன் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போனால், நோயின் கவலை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவோ கருவி வாங்கும் செலவோ கட்டுப்படியாகவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டும் இருவரின் அடையாள அட்டை நகலும் கையோடு எடுத்துப் போங்கள்.